மலைக்கு வைத்த பொட்டு

நான் மடுல்சீமை மலையை வரைந்தால் அது மலை மாதிரி இருக்காது. சிவப்பு முக்கோணம், ஊதாக் கட்டம், நடுவே கிழிந்தாற்போல் ஒரு மஞ்சள், அவ்வளவுதான். பச்சை கிடையாது. பிறந்ததிலிருந்து தேயிலையைப் பார்த்துப் பார்த்துப் பச்சை மேல் எனக்கு அப்படியொரு கோபம். அந்த நீர்வண்ணப் படத்தைக் கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். என் படம் ஊர் தாண்டிப் போவது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதுளையில் பிரேம் போடக் கொடுத்தேன். கடைக்கார நானா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எந்தப் பக்கம் மேல?"

காட்டினேன். இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் பின்பக்கம் பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொண்டார்.

அனுப்பும்வரை இருக்கட்டும் என்று ஹாலிஎல வீட்டில் மாட்டினேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால், கண்ணாடியின் வலது மூலையில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அம்மாவின் வேலை. எங்கள் வீட்டில் பிரேம் போட்டுச் சுவரில் ஏறிய எதுவும் வெள்ளிக்கிழமை பொட்டுக்குத் தப்பாது. துடைத்துவிட்டேன். அடுத்த வெள்ளியும் அதே மூலையில் பொட்டு. எரிச்சல் வந்தது.

"ஏம்மா, இது என்ன சாமி படமா?"

"சாமி இல்லன்னு எனக்குத் தெரியாதா? ஒங்கப்பாவ அங்கனதான பொதச்சிருக்கு."

கிட்டப் போய்ப் பார்த்தேன். பொட்டு இருந்தது, நடுவே தொடங்கிய மஞ்சள் வலது மூலைக்கு வந்து முடிகிற இடம். நாங்கள் முன்பு இருந்த தேயிலைத் தோட்டத்து மயானம் மலையின் அந்தப் பக்கம்தான். வரையும்போது அது என் நினைவிலேயே இல்லை.

அப்பாவுக்கு வீட்டுச் சுவரில் படம் கிடையாது. அவர் போன பிறகு அடையாள அட்டைப் போட்டோவைப் பெரிதாக்கக் கொடுத்தோம். ஸ்டுடியோக்காரர் மரியாதையாக இருக்கட்டும் என்று கோட்டும் டையும் மாட்டிக் கொடுத்துவிட்டார். அம்மா அதைப் பார்த்து, "இது எந்தத் தொர?" என்று கேட்டுவிட்டு அலமாரிக்கு மேல் கவிழ்த்து வைத்தார். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

படம் கண்காட்சியில் ஒரு மாதம் இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஒரு மாசமா? அங்க வெள்ளிக்கிழமைக்கு யாரு பொட்டு வைப்பா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

கொழும்புக்குப் போன் போட்டு, படம் வராது என்றேன்.

"ஏன், வித்துட்டீங்களா?"

"இல்லங்க. அது எங்கப்பா."