சண்டைக்காரத் தம்பியிடம் ஒப்படைத்தது

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர் என்ற டச்சுக்காரர் கொடி பறந்த காலத்தில், முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் நீலமேகம் என்றொருவன் இருந்தான். அவன் பேரைச் சொன்னதும் ஊராருக்கு நினைவு வருவது அவன் வாய்தான். பங்கு பிரிக்கும்போது ஒரு மீன் குறைந்தாலும் கரையிலேயே நின்று கேட்பான். கைக்கு வரும்வரை வீட்டுக்குப் போகமாட்டான்.

அவன் வாய் திறக்காத ஒரே ஆள் சொந்த அண்ணன் கோதண்டம். நைனா செத்தபின் பாகம் பிரித்ததில், பெரிய வலை ஒன்றை இரண்டாக வெட்ட வேண்டியதாயிற்று. அண்ணன் எடுத்த பாதியில் ஈயக்குண்டு அதிகம் என்று நீலமேகம் கிளப்பினான். பஞ்சாயத்து நடுவே அண்ணனைத் திருடன் என்றும் சொல்லிவிட்டான். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பக்கத்துப் பக்கத்துக் குடிசை, ஒரே கிணறு, ஒரே கடல். அப்படியும் வருஷக் கணக்கில் ஒரு சொல் இல்லை.

கோதண்டம் மெதுவாகப் பேசுகிறவர், மளமளவென்று வேலை செய்கிறவர். ஏரி வாயில் ஆழம் கிடையாது என்பதால் கப்பல்கள் கடலிலேயே தள்ளி நிற்கும். கோட்டையிலிருந்து துணி மூட்டைகளை அலை தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை சலங்கு என்னும் பெரிய படகுகள். அப்படி இரண்டு சலங்கு கோதண்டத்துக்குச் சொந்தம். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை இல்லை.

அவருக்கு மறதி வந்தபோது முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. துடுப்புக்காரர்களுக்குக் கூலி கொடுத்துவிட்டு, சற்று நேரத்தில் மறுபடியும் கொடுத்தார். சிலர் திருப்பித் தந்தார்கள், சிலர் தரவில்லை. கப்பலே வராத நாளில் சலங்கைத் தண்ணீருக்குத் தள்ளச் சொன்னார். ஒரு மத்தியானம் நேராக நீலமேகத்தின் குடிசைக்குள் வந்து உட்கார்ந்து, “ஜெயம்மா, சோறு போடும்மா, பசிக்குது” என்றார்.

நீலமேகத்தின் பெண்டாட்டி ஜெயம்மா புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவள் சோறு போட்டாள். அண்ணன் சாப்பிட்டு முடிக்கும்வரை நீலமேகம் வேலிக்கு அப்பாலேயே நின்றான்.

அதன்பின் ஒரு காலையில் கோதண்டம் மறுபடி வந்தார். இந்த முறை வழி தவறி வரவில்லை. தம்பியைத் தேடித்தான் வந்திருந்தார்.

“நீலா, என் மண்டைக்குள்ள காத்து மாறிகினே கீது. சில வேள தெளிவா கீது. சில வேள ஒண்ணியும் புரியல. தெளிவா கீற அப்பவே கோட்டைக்குப் போய் முக்தியார் எழுதிடணும்.”

தனக்குப் பதிலாக இன்னொருவர் கொடுக்கல் வாங்கல் செய்ய எழுதிக்கொடுக்கும் பத்திரத்தைத்தான் அவர் சொன்னார். நீலமேகம் வலையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

“அண்ணி தம்பி தாமோதரன் கீறானே. பாத்துக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறான்.”

“அவன் நல்லவன்டா. யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்லத் தெரியாது. என் பொருளயும் அப்படியே குடுத்துடுவான். நீ பாதி வலைக்காக எங்கூட இத்தினி வருசம் பேசாத இருந்தவன். என்னுதுல ஒரு கண்ணி அறுந்தாலும் ஊரையே எழுப்பிடுவ.”

அது புகழ்ச்சியா, ஏச்சா என்று நீலமேகத்துக்கு விளங்கவில்லை. ஆனால் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

கோட்டைக்குள் போனதும் கோதண்டத்தின் காற்று மாறிவிட்டது. இரு பக்கப் பேச்சையும் மொழிபெயர்க்கும் துபாஷி கேட்ட கேள்விக்கு, “மூட்டை எங்க கீது? அல ஏர்றதுக்குள்ள ஏத்தணும்” என்றார். எழுதவிருந்த உலாந்தாக்காரர் இறகுப் பேனாவைக் கீழே வைத்தார். துபாஷி நீலமேகத்திடம், “இவருக்கு நினைவு இருக்கும்போது அழைத்து வா. இப்போது எழுதினால் அது இவர் எழுதியது ஆகாது” என்றார். வந்த கோபத்தை நீலமேகம் விழுங்கினான். அவர் சொன்னது சரி என்று அவனுக்கே தெரிந்தது.

ஏரியில் முங்கிக் குளித்து, கூழ் குடித்த கையோடு அண்ணனுக்குத் தெளிவு இருப்பதை ஜெயம்மாதான் கவனித்துச் சொன்னாள். அப்படிப்பட்ட ஒரு காலையில் மறுபடி போனார்கள்.

“இவர் யார்?” என்றார் துபாஷி.

“என் தம்பி. நீலமேகம்.”

“இதை எழுதினால் உம்முடைய படகுகள் யாருடையவை?”

“என்னுதுதான். அவனுது இல்ல. அவன் பாத்துக்குவான், அவ்ளோதான்” என்ற கோதண்டம் தம்பியைத் திரும்பிப் பார்த்து, “புரிஞ்சுதா?” என்று கேட்டார்.

நீலமேகம் தலையாட்டினான். பத்திரத்தின்படி சலங்கு வருமானம் அண்ணனின் சாப்பாட்டுக்கும் படகுச் செலவுக்கும் கோயில் வரிக்கும் மட்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஊர்க்கூட்டத்தில் கணக்குச் சொல்ல வேண்டும். துபாஷி வாசித்துக் காட்டியதும் கோதண்டம் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் கீறலைப் போட்டார்.

பொறுப்பெடுத்தபின்தான் நீலமேகத்துக்குக் கஷ்டம் தெரிந்தது. ஒருநாள் கரையில் எல்லாருக்கும் முன்னால் அண்ணன் அவன் கையைப் பிடித்து, “என் மடியில கீறத எல்லாம் இவன் எடுத்துக்கினான். திருடன்” என்று கத்தினார். துடுப்புக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நீலமேகம் வீட்டுக்கு வந்து கூழைத் தொடவில்லை.

“அவுருக்குப் பணம் வேணாம்யா,” என்றாள் ஜெயம்மா. “கூலி குடுத்த கை அது. இப்ப சும்மா கீது. அதான் அவுருக்குப் பொறுக்கல.”

அடுத்த கப்பல் வந்தபோது, அன்றைய கூலிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் ஒரு பையில் போட்டு அண்ணன் கையில் கொடுத்தான். துடுப்புக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். கோதண்டம் ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். யாராவது இரண்டாம் முறை கை நீட்டினால், பக்கத்தில் நிற்கும் நீலமேகம் ஒரு பார்வை பார்ப்பான். அதற்குமேல் ஒருவரும் நீட்டமாட்டார்கள். அன்றிலிருந்து திருடன் என்ற பேச்சு குறைந்தது. அடியோடு நிற்கவில்லை.

ஐப்பசிப் புயலில் நீலமேகத்தின் சொந்தப் படகு முகத்துவார மணல்மேட்டில் மோதிப் பிளந்தது. பலகை வாங்கக் கையில் ஒன்றுமில்லை. அண்ணனின் பெட்டியில் இருந்தது, சாவியும் இவன் இடுப்பில்தான். தாமோதரனே வந்து, “எடுத்துக்க மாமா. அப்புறம் வச்சிடு. யாரு கேக்கப் போறா?” என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான், கெட்ட எண்ணம் இல்லை.

அன்று பூராவும் நீலமேகம் உடைந்த படகின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். “என்னுதுதான், அவனுது இல்ல” என்று அண்ணன் சொன்னபோது உள்ளே ஒரு முள் குத்தியிருந்தது. அதே முள்தான் இப்போது அவனைப் பெட்டிப்பக்கம் போகவிடாமல் நிறுத்தியது.

மறு கப்பலுக்கு அவன் அண்ணனின் சலங்கிலேயே துடுப்புக்காரனாக ஏறினான். மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதுவே தனக்கும் என்று சொல்லிவிட்டான். பொழுது சாயக் கரை ஏறி, உப்பு காய்ந்த உடம்போடு வரிசையில் கடைசியாக வந்து நின்றான்.

கோதண்டம் அவனை நிமிர்ந்து பார்த்தார். யாரென்று தெரியவில்லை.

“யாரு ஊட்டுப் புள்ள நீ? அலயில துடுப்பு நல்லா போட்ட. கரைல நின்னு பாத்துகினேதான் இருந்தேன்.”

நீலமேகம் கையை நீட்டினான். “பக்கத்து ஊடுதான்” என்றான்.

“நாளைக்கும் வா” என்று சொல்லிக் காசை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டார் கோதண்டம்.

மறுவருஷம் மாசி கழிந்து அவர் தூக்கத்திலேயே போனார். நீலமேகம் கொள்ளி வைத்தான். காரியம் முடிந்ததும் ஊரைக் கூட்டி, தானே கணக்குச் சொன்னான். தாமோதரன் இதெங்கே, அதெங்கே என்று பிற்பகல் முழுக்கக் கேட்டான். நீலமேகம் குரல் உயர்த்தாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். குப்பத்தார் அவனிடம் அப்படியொரு குரலைக் கேட்டதே இல்லை. சலங்குகள் நீலமேகத்துக்கே சேரும் என்று கூட்டம் தீர்த்தபோது தாமோதரனும் சரி என்றான்.

கூட்டம் கலைந்தபின் ஜெயம்மா வந்து கூப்பிட்டாள். கடலில் புதுக் கப்பலொன்று பாய் இறக்கிக்கொண்டிருந்தது. நீலமேகம் எழுந்து ஆட்களைக் கூப்பிடப் போனான்.