கல்சோம் அக்காவின் மூன்றாவது பெடல்

ஆட்டோ கியர் வண்டியை மேனுவலாக மாற்றித் தரச் சொல்லி என் பட்டறைக்கு வருகிறவர்களை நான் பெரும்பாலும் திட்டித்தான் அனுப்புவேன். வருவதெல்லாம் இருபது வயதுப் பயல்கள். கெரிக்கிலிருந்து ஜெலி போகும் மலைச்சாலையில் சத்தம் கிளப்பிக்கொண்டு பறக்க வேண்டும் அவர்களுக்கு. பிறகு ஏதாவது உடைந்தால் தவமணி செய்த வேலை சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார்கள். அதனால் நோன்பு மாதத்தின் ஐந்தாம் நாள் கல்சோம் அக்கா தன் பழைய சிவப்பு ஏரோபேக் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தி, "மணி, இதுல மூணாவது பெடல் வைக்கணும்" என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அக்கா சிரிக்கவில்லை. தலைத்துணியில் மஞ்சள் நூல் ஒன்று ஒட்டியிருந்தது. பெருநாள் நெருங்கினால் அவருக்குத் தையல் மெஷினை விட்டு எழ நேரமிருக்காது. கெரிக்கில் பாதிப் பெண்கள் பெருநாளுக்கு உடுத்தும் பாஜு குருங், நீளச் சட்டையும் பாவாடையும், அவர் கையால்தான் வெட்டப்படும். வாய்க்கும் அவருக்குக் கத்தரி அளவு கூர்மை உண்டு. ஒருமுறை ஓர் அதிகாரியின் மனைவி, சட்டை அளவு தப்பு என்று கடையில் நின்று கத்தினார். அக்கா அளவு நாடாவை எடுத்து, முதலில் சட்டையை அளந்தார். பிறகு அந்த அம்மாளை அளந்தார். "துணி சொன்ன சொல்லுல நிக்குது. நீங்கதான் கொஞ்சம் முன்னேறிட்டீங்க" என்றார். அந்த அம்மாள் இன்றைக்கும் அக்காவிடம்தான் தைக்கிறார், வேறு வழியில்லை.

"அக்கா, இது ஆட்டோ. மாத்தணும்னா கியர் பெட்டி, ஃப்ளைவீல், கிளட்ச், பெடல் செட்டு, சக்கரத்துக்குப் போற ரெண்டு ஷாஃப்டு, எல்லாம் வேணும். ஈப்போவுல வெட்டிப்போட்ட வண்டியிலேருந்து கழட்டிட்டு வரணும். அதுக்கு இன்னொரு ஆட்டோ பெட்டியே மாட்டிடலாம்லா."

"இன்னொருத்தன் தேய்ச்சுப்போட்ட ஆட்டோ எத்தனை நாளைக்கு? மலையில பாதி வழியில அது கைவிட்டா நான் மடியில கையை வச்சுக்கிட்டு உக்காரணும். ரெண்டு தடவை உக்காந்தாச்சு. போதும்."

அந்த இரண்டு தடவை என்னவென்று எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

அக்கா ஜெலிக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பிறந்த பெண். இருபத்திரண்டு வயதில் ஷுக்ரி அண்ணனைக் கட்டிக்கொண்டு மலைக்கு இந்தப் பக்கம் வந்தவர். பெருநாளின் முதல் நாளை ஒரு வருஷம் கணவன் வீட்டில், மறுவருஷம் மனைவி வீட்டில் கொண்டாடுவது இவர்கள் வழக்கம். அந்த முறையை வைத்து இங்கே நடக்கிற சண்டைகளைத் தீர்க்கத் தனியாக ஒரு கோர்ட்டே திறக்கலாம். கடைசியாக அக்காவின் முறை வந்த இரண்டு வருஷமும் வண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டது. என்ஜின் கத்தும், கியர் வழுக்கும், சக்கரம் அசையாது. இடையில் வந்த வருஷங்கள் எப்படியும் கணவன் வீட்டு முறை. ஆக ஐந்து வருஷமாக, பெருநாள் காலையில் தாயின் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்கும் அந்த நேரத்தில், அக்கா தன் தாயிடம் இல்லை. தாய்க்கு எண்பத்து மூன்று வயது.

மூன்றாம் நாள் கூட்டிப்போவார்கள். கூட்டிப்போவது ஷுக்ரி அண்ணனின் மூத்த சகோதரர், தன் புது வேனில். மூத்தவர் என்பதால் குடும்பத்துக்கே அவர் பாங் லோங். முப்பது வருஷம் அரசாங்க அலுவலக ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டீயரிங்கைத் தானே கண்டுபிடித்தது போலப் பேசுவார். "முறை எங்க ஓடிடப் போகுது? அந்தத் தகரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு என் வேன்ல வா" என்பது அவருடைய வருஷாந்தரப் பேச்சு. ஷுக்ரி அண்ணன் தங்கமான மனிதர். சர்க்கரை நோயில் பார்வை மங்கிப்போய் வண்டி ஓட்டுவதை விட்டவர். தன் மூத்தவர் எதிரில் தலை நிமிர்த்திப் பேசிப் பழகாதவர்.

"இந்த வருஷம் என் முறை," என்றார் அக்கா. "முதல் நாள் காலையில நான் எங்க அம்மா முன்னாடி உக்காந்திருக்கணும். என் வண்டியில போய். முடியுமா முடியாதா, சொல்லு. முடியாதுன்னா ஈப்போவுக்கு நானே போறேன்."

முடியும் என்றேன். வேறு என்ன சொல்வது?

பன்னிரண்டு நாள் ஆயிற்று. என்ஜினுக்கும் ஓட்டுநர் காலடிக்கும் நடுவிலுள்ள தகட்டில் கிளட்ச் கேபிளுக்கென்று தொழிற்சாலையிலேயே அடையாளம் அடித்து மூடிவைத்திருந்த ஓட்டையை உளியால் தட்டித் திறந்தேன். அகலமான பழைய பிரேக் பெடலைக் கழற்றி, மூன்று பெடல் கூட்டை ஏற்றினேன். அக்கா நாள் தவறாமல் மதியம் வந்து, காருக்கு அடியில் என் கால் மட்டும் தெரியும் இடத்தில் குனிந்து நின்று கேள்வி கேட்டார். நோன்பு வைத்திருக்கும் மனுஷி எதிரில் தேநீர் குடிக்க முடியாமல் நான் டயர் குவியலுக்குப் பின்னால் ஒளிந்து குடித்தேன்.

ஒரே ஓர் இடத்தில் நான் சோம்பலைக் காட்டினேன், அதைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோ வண்டியில் ஸ்டார்ட்டருக்குப் போகும் வயரில் ஒரு காவல் உண்டு. கியர் விழுந்திருந்தால் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. ஆட்டோ பெட்டியைக் கழற்றியதும் அந்தக் காவல் அநாதையாகிவிடும். கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்து அதை மறுபடி இணைக்க வேண்டும். இங்கே யாரும் செய்வதில்லை. இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிடுவோம். நானும் சுற்றினேன். "சாவியைத் திருப்புறதுக்கு முன்னாடி கிளட்ச்சை அடி வரைக்கும் மிதிங்கக்கா, மறந்தா வண்டி குதிக்கும்" என்று பத்துத் தடவை சொன்னேன். அவர் ஒருமுறைகூட மறக்கவில்லை.

ஓட்டிப் பழகியதையும் சொல்ல வேண்டும். லைசென்ஸ் மேனுவலுக்கே எடுத்தவர்தான். ஆனால் இருபது வருஷமாக இடது கால் சும்மா இருந்தது. முதல் நாள் மைதானத்தில் பதினோரு முறை வண்டி அணைந்தது. நான்காம் நாள் சாயங்காலம், நோன்பு திறக்கப் பலகாரம் வாங்க ஊரே சந்தைத் தெருவில் நெருக்கியடித்து நிற்கும் நேரமாகப் பார்த்து, அதன் நடுவில் ஓட்டினார். வேண்டாம் என்று கெஞ்சினேன். "இந்தக் கூட்டத்துல ஓட்டுனா எங்கேயும் ஓட்டலாம்" என்றார். தவளை மாதிரித் தாவித் தாவிப் போயிற்று வண்டி.

"காக் சோம், வண்டிக்கு விக்கலா?" என்று முர்தபாக் ரொட்டிக் கடைக்காரன் அக்காவைப் பார்த்துக் கத்தினான்.

"நோன்புல இருக்குது தம்பி, தண்ணி குடுக்க முடியாது!" என்று கத்தி, அடுத்த தாவலில் அவன் கடையைத் தாண்டினார்.

தெரு முடிவதற்குள் தாவல் நின்றது. மறுவாரம் பள்ளிவாசல் ஏற்றத்தில், முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி. ஹேண்ட்பிரேக்கைத் தொடாமல், கிளட்ச்சைப் பாதி மட்டும் விட்டு, அந்தப் பாதிக் கிளட்ச்சில் வண்டியை அப்படியே நிறுத்திக் காட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கிளட்ச் தட்டு தேயுமே என்ற வயிற்றெரிச்சலும் இருந்தது.

நோன்பின் கடைசி நாள் மதியம், புறப்படும் முன் எண்ணெய் பார்த்துக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். வீட்டு முற்றம் சாலையை நோக்கி ஏறும். ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரிலும் விட்டு, சரியாகத்தான் நிறுத்தியிருந்தார். வண்டிக்கு முன்னால், பெருநாளுக்கு வந்திருந்த பாங் லோங் குடும்பத்தார் கம்பி கட்டி, பச்சரிசியும் தேங்காய்ப்பாலும் அடைத்த மூங்கில்களை வரிசையாகச் சாய்த்து, கீழே நெருப்பு மூட்டி லெமாங் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். முப்பது மூங்கில் இருக்கும். அக்கா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார். சாவி வண்டியிலேயே தொங்கியது.

"இந்த அதிசயத்தை நானும் பாக்குறேன்," என்று பாங் லோங் ஏறி உட்கார்ந்தார்.

"பாங் லோங், கிளட்ச்ச மிதிச்சிட்டு..." என்று நான் வாய் திறந்தேன்.

"டேய், நீ பொறக்குறதுக்கு முன்னாடியே ஜீப் ஓட்டுனவன்டா நான்." ஒரு கால் வெளியே கிடந்தது. அதிகாரத்தோடு ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். பத்து வருஷமாகப் புது ஆட்டோ வேனில் பழகிய கை அப்படியே சாவியைத் திருப்பியது.

வண்டி குதித்தது. ஒரே பாய்ச்சலில் கம்பியை முட்டி, மூங்கில்களைப் பொலபொலவென்று சாய்த்து, அணைந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. லெமாங் பாதி சாம்பலில், பாதி மண்ணில். பாங் லோங்கின் ஒற்றைச் செருப்பு மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். பாங் லோங் இறங்கி, வெளுத்த முகத்தோடு, குரலை மட்டும் உயர்த்தினார். "பாத்தீங்களா? இது வண்டியா பேயா? தொட்டா பாயுது! இதுலயா என் தம்பிய மலைமேல கூட்டிட்டுப் போறே?"

எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. அந்த வயர் என் மனசை அறுத்தது. "தப்பு என்னுதுதான். ஸ்டார்ட்டர் வயருல சுவிட்ச் வச்சிருக்கணும், வைக்கல" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். கேட்காமல் கிடைத்த சாட்சி நான். "கேட்டீங்களா! மெக்கானிக்கே ஒத்துக்கிட்டான்! முடிஞ்சது பேச்சு. மூணாம் நாள் எல்லாரும் என் வேன்ல போறோம்." அவர் மனைவி தலையாட்டினாள். ஷுக்ரி அண்ணன் வாசற்படியில் மங்கிய கண்ணோடு சத்தம் வந்த பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தார். எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஐந்து வருஷம் காத்திருந்த மனுஷியின் முறையை ஒரு வாக்கியத்தில் நான் கெடுத்துவிட்டேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மன்னிப்பெல்லாம் நாளைக்குக் கேக்கலாம் மணி, நாளைக்குத்தான் அதுக்கு நாள்." பிறகு பாங் லோங்கிடம் திரும்பினார். "பதிமூணு நாளா நான் ஓட்டுறேன். ஒரு நாள் பாஞ்சுதா? சந்தையில ஓட்டுனேன், யாரு மேலயாவது ஏத்துனேனா? முப்பது வருஷம் ஓட்டுன கால் எங்க இருந்துச்சு பாங் லோங்? வெளிய செருப்பு தேடிட்டு இருந்துச்சா?"

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் மூத்தவன். நான் சொல்றேன், இந்த வண்டி இன்னிக்கு வெளிய போகாது." முகம் சிவந்து, மூங்கில் கிடந்த இடத்தில், வண்டிக்கு நேர் முன்னால், கையை விரித்து நின்றார்.

அக்கா துணிப் பையைப் பின்சீட்டில் எறிந்தார். "ஏங்க, வர்றீங்களா? வரலன்னாலும் எனக்குக் கோவமில்ல. நான் போறேன்."

ஷுக்ரி அண்ணன் படியிறங்கி, வண்டியின் மேல் கை வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். கதவுப் பிடி கிடைத்ததும் ஏறிக்கொண்டார். தன் மூத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு அதுவே பெரிய பேச்சு.

அக்கா ஏறி உட்கார்ந்து, பாங் லோங் இறக்கிவிட்ட ஹேண்ட்பிரேக்கை மறுபடி இழுத்துப் போட்டு, கிளட்ச்சை அடிவரை மிதித்தார். சாவியைத் திருப்பினார். முதல் கியர். ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். அந்த ஏற்றத்தில் வண்டி பின்னால் ஓர் இம்மியும் வழுக்கவில்லை. அங்குலம் அங்குலமாக முன்னேறி, பாங் லோங்கின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றது. பிரேக் இல்லை, பாதிக் கிளட்ச். எரியும் வாசனை என் மூக்கில் ஏறியது. போச்சு, தட்டு போச்சு என்று என் உள்ளம் கதறியது. வாய் திறக்கவில்லை. அன்றைக்கு நான் பேசியது போதும்.

அக்கா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். "பாங் லோங், இது பேய் இல்ல. என் காலு. நில்லுன்னா நிக்கும். எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கும். நீங்க எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

பாங் லோங் வண்டியைப் பார்த்தார். வண்டி அசையவில்லை. முப்பது வருஷ ஓட்டுநருக்கு அது என்ன வேலை என்று தெரியும். அந்த முற்றத்தில் என்னைத் தவிர அவருக்கு மட்டும்தான் தெரியும். கைகள் மெல்ல இறங்கின. ஒதுங்கினார். சிவப்பு வண்டி சாலையில் ஏறி, இரண்டாவது கியர் விழும் சத்தத்தோடு வளைவில் மறைந்தது.

நான் பட்டறைக்குப் போய் எந்த வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை மணிக்கு போன் அடித்தது.

"கிளட்ச் எப்படிக்கா இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"அத விடு. அம்மா வாசல்ல நிக்கிறாங்க, வேனைத் தேடுறாங்க. யாரு உன்ன கூட்டிட்டு வந்ததுன்னு மூணு தடவை கேட்டுட்டாங்க." அக்காவின் குரல் உடைந்தது. அந்தக் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான். "யாரும் கூட்டிட்டு வரலம்மா, நான் வந்தேன்னு சொன்னேன் மணி. நான் வந்தேன்னு சொன்னேன்."