நான்கு கதவு கேட்ட பெண்

என் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். வீட்டு வரைபடங்களுக்கு அனுமதி தரும் பொறியாளர். தாயில்பட்டியில் பட்டாசு வேலை பார்க்கும் ஒரு பெண், படுக்கையறைக்கு நான்கு கதவுகள் வரைந்து கொண்டுவந்தார்.

"இத்தனை கதவு வழியா வெயில் உள்ள வந்தா ஏசி ஓடும், கரியமில வாயு கூடும். அதைக் குறைக்கத்தான் புது விதி. மூணு கதவை நீக்கிட்டு வேற வரைபடம் கொண்டுவாங்க" என்றேன்.

"எங்க வீட்டு ஏசிய நீங்க எங்கன பாத்தீக மேடம்? கம்பெனி ரூம்ல நாலு கதவு இருந்துச்சு, வெடிச்சப்ப ஓடிப் பொழச்சேன். ஒத்தைக் கதவுக்குள்ள எனக்குத் தூக்கம் வராது. படிச்சவுகளுக்கு இது ஏறாது."

கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. கதவுகளுக்கு மேல் வெயில் மறைப்பு வரைந்தாலே விதிக்குப் போதும். தெரிந்தும் சொல்லவில்லை. மறுவாரம் ஒரே கதவோடு வந்து, என் முகம் பார்க்காமல் அனுமதி வாங்கிப் போனார்.

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த என் அம்மாவும் எங்கே போனாலும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவாள். அந்தப் பெண்ணின் வீடு இப்போது எழும்பிவிட்டது. அங்கே தூங்குகிறாரா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியமில்லை.