எஸ்தர் டீச்சர் தேர்ந்தெடுத்த குண்டு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது எஸ்தர் டீச்சரின் தம்பி சாமுவேல் சைக்கிளில் வந்து இறங்கினார். "அக்கா போயிட்டாங்க, சார்" என்றார். சாதாரணக் காய்ச்சல் என்று நாங்கள் நினைத்தது நிமோனியாவாக முற்றியிருந்தது.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எஸ்தர் டீச்சரைத் தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. உங்களில் பலர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். நான் சொல்ல வந்தது அவருடைய வேட்டையைப் பற்றி. கணவர் இறந்தபின் ஆனேக்கல் பக்கத்து ராகி நிலமும் ஒரு ரைபிளும் அவர் பொறுப்புக்கு வந்தன. லைசென்ஸைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பயிரில் இறங்கும் மான்களைத் தாமே சுட்டார். சக ஆசிரியனான நான் பைனாகுலரோடு கூடப் போவேன்.

யுத்தம் வந்ததும் சீமைத் தோட்டா வருவது நின்றது. டீச்சர் அசரவில்லை. சுட்டு முடித்த பித்தளைக் குப்பிகளில் புது வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே தோட்டா செய்தார். எந்தக் குண்டை வைப்பது என்பதுதான் கேள்வி. கடைகளில் மிஞ்சியிருந்தவை எல்லாம் முழுதும் நிக்கல் உறை போட்ட கெட்டிக் குண்டுகள். தம்பி சாமுவேல் அவற்றையே நிறைய வாங்கிவந்தார். அவற்றோடு போன முதல் வேட்டையில் சாமுவேல் சுட்ட கடமான் விழவில்லை. குண்டு விரியாமல் ஒருபுறம் புகுந்து மறுபுறம் போய்விட்டது. டீச்சர் இரத்தத் தடம் பார்த்து நடந்தார். பொழுது சாயும் நேரத்தில் மூங்கில் புதரில் அதைக் கண்டோம். இன்னும் உயிர் இருந்தது. டீச்சரே முடித்துவைத்தார்.

கிடைப்பதை வைத்துத்தானே சமாளிக்க வேண்டும் என்று திரும்பும் வழியில் சாமுவேல் வாதாடினார்.

"பஞ்சம் நமக்குடா, சாமு. அதுக்கு மான் ஏன் நாள் முழுக்க சாகணும்?" என்றார் டீச்சர்.

பிறகு, நுனியில் ஈயம் தெரியும் மென்குண்டுகளில் லேசானதும் கனமானதுமாக இரண்டு வகை தேடிப் பிடித்தார். நீர் வற்றிய ஏரியின் களிமண் கரையில் சுட்டு, தோண்டிப் பார்த்தோம். லேசானது காகிதக் குறியில் ஒரே இடத்தில் அழகாக விழுந்தது. ஆனால் மண்ணுக்குள் தூளாகியிருந்தது. கனமானது குறியில் சற்று விலகி விலகி விழுந்தாலும், காளான்போல விரிந்து ஆழம்வரை போயிருந்தது. நான் லேசானதையே எடுக்கச் சொன்னேன்.

"குறி கொஞ்சம் விலகினா நான் கிட்டப் போய்ச் சுட்டுக்குவேன், சார். எலும்புல பட்டு உடையற குண்டை என்ன பண்றது?" என்று கனமானதை எடுத்துக்கொண்டார்.

அறுவடைக்கு முன் ஒரு மாலை, தொலைவில் கொம்புள்ள புள்ளிமான் ஒன்று பக்கவாட்டில் நின்றது. நிலத்தைப் பயிரிடும் முனியப்பா, "ஹொடீரி அம்மா" என்று சுடச் சொல்லி அவசரப்படுத்தினார். தினமும் அழிவது அவர் உழைப்பு. டீச்சர் குறிபார்த்தார். பிறகு ரைபிளைத் தாழ்த்தி, "இங்கேருந்து வேணாம்" என்று சொல்லிக் குனிந்து முன்னேறினார். பாதி வழியிலேயே மான் ஓடிவிட்டது. முனியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் டீச்சர் முன்னதாகவே போய், மான் வரும் இடத்தை நெருங்கிப் படுத்திருந்தார். அதே மான் வந்தது. ஒரே வெடி, நின்ற இடத்திலேயே சாய்ந்தது. கறியின் முதல் பங்கு முனியப்பா வீட்டுக்குப் போனது.

ரைபிள் இப்போது சாமுவேலிடம் இருக்கிறது. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது புள்ளிமான் ஓடிப்போன அந்த மாலையை. மானைத் தவறவிட்டு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ராகிக் கதிர்களை விலக்கியபடி டீச்சர் திரும்பி வந்தார். முகத்தில் துளி வருத்தமில்லை. "நாளைக்கு வரும், சார்" என்றார்.