மாடன் அண்ணாச்சியின் இமைகள்

இலஞ்சியில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாடன் அண்ணாச்சி. குற்றால அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவது தொழில். ஆள் கொஞ்சம் தலைக்கனம்தான். அந்தக் கைக்கு அது தகும்.

இந்தச் சாரல் சீசனில் அவர் கண்கள் சிவந்து, ஓயாமல் நீர் வடிந்தது. வந்தவர்கள் மெட்ராஸ் ஐ என்று பயந்து அடுத்த ஆளிடம் போனார்கள். சீசன் போனால் வருடமே போச்சு. அண்ணாச்சி ஆடிப்போனார். மனைவி தங்கத்தாய் அவரைத் தென்காசிக்கு, கண் டாக்டர் சாருலதாவிடம் இழுத்துப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

“கண்ணு வறண்டு கிடக்கு அண்ணாச்சி,” என்றார் டாக்டர்.

“அருவியா கொட்டுது, வறண்டிருக்குங்கிய?”

“தண்ணி இருக்கு, எண்ணெய்தான் இல்ல. இமை ஓரத்துல இருக்க எண்ணெய்ச் சுரப்பி அடைச்சிருக்கு. எண்ணெய் இல்லன்னா கண்ணீர் உடனே காஞ்சிரும். கண்ணு உறுத்தும், உறுத்துனா இன்னும் கொட்டும். வெதுவெதுப்பான துணிய பத்து நிமிசம் கண்ணுமேல வச்சிட்டு, இமைய லேசா மசாஜ் பண்ணணும். சொட்டு மருந்தும் தாரேன். கேக்கலைன்னா மாத்திரை இருக்கு, மெஷின்ல சூடு குடுக்கதும் இருக்கு.”

ஊருக்கெல்லாம் எண்ணெய் தேய்க்கிறவருக்கு இமையில் எண்ணெய் இல்லை! சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முறையைக் காட்ட வந்த டாக்டரிடம், “மசாஜா? எனக்கேவா?” என்று எழுந்துவிட்டார். டாக்டர் தங்கத்தாய்க்குக் காட்டினார். வீட்டுக்கு வந்ததும் அண்ணாச்சி, முதுகை அமுக்குகிற வேகத்தில் தானே இமையை அமுக்க, நான்கே நாளில் கண் இரண்டும் பணியாரமாய் வீங்கின. டாக்டரிடம் நல்ல திட்டு.

வீக்கம் வடிந்ததும், “கையக் கட்டிட்டுப் படுங்க,” என்றாள் தங்கத்தாய். அவள் பீடி சுற்றுகிறவள். இலை நுனியை மடக்குகிற பதத்தில், மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் ஒரே விரலால் வருடினாள். தினமும் இரண்டு வேளை. மூன்று வாரத்தில் சிவப்பு குறைந்தது, ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

ஒருநாள் காலை துணியை எடுத்ததும், தெளிந்த கண்ணுக்கு நேரே அவள் விரல் தெரிந்தது. கணு புடைத்துக் கோணியிருந்தது.

“ஏட்டி, இது எப்பம் இருந்து?”

“ஏழெட்டு வருசமா. காலைல மடக்கவே வராது.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“தினமும் கை வலிக்குதுன்னு வருதிய. உங்ககிட்ட எப்படிச் சொல்ல?”

அண்ணாச்சி எழுந்து போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். நான் வாசலில் நிற்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். விரலைப் பிடித்தவருக்கு எவ்வளவு அழுத்துவதென்று தெரியவில்லை.

“நீயே சொல்லுட்டி,” என்றார். “இம்புட்டு போதுமா?”