ரன்னிங்னர் என்ற சொல்

எங்கள் ராக் குழுவுக்கு ஆடி மாதம் முழுக்க விடுமுறை. டிரம்ஸ் வாசித்தவர் பெரியபாளையத்து அம்மன் கோயிலில் பம்பை அடிப்பவர். ஆடியில் அம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தில் அவருக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. எங்கள் இங்கிலீஷ் பாட்டுக்கு எங்கே வருவார்? அம்மனிடம் தேதி கேட்டு ஒத்திகை வைத்த ராக் குழு உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

குழு என்றால் மூன்றே பேர். பம்பைக்காரர் எங்கள் இருவரைவிடப் பத்து வயது மூத்தவர். கல்யாண பேண்டு செட்டில் கழித்துவிட்ட ஒரு பெரிய டிரம், அவருடைய பம்பை, கயிற்றில் தொங்கவிட்ட பித்தளைத் தாம்பாளம், இவ்வளவுதான் அவருடைய டிரம்ஸ். தாம்பாளம் 'ஜிங்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ணங்' என்று சொல்லும். எங்களுக்கு அது பழகிவிட்டது. பாடகன் ஆரம்பாக்கத்துக்காரன். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், மேடையில் இங்கிலீஷ். மூன்றிலும் எல்லோரையும் "நைனா" என்றுதான் கூப்பிடுவான். நான் கிதார். பகலில் கும்மிடிப்பூண்டியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினேன். போல்ட்டுக்கு மரை போடும் வேலை. எழுபதுகளின் தொடக்கம் அது. ஊரைச் சுற்றி ஒவ்வொரு பட்டறையாக முளைத்துக்கொண்டிருந்தது, எனக்கும் கையில் ஒரு வேலையும் தோளில் ஒரு கிதாரும் இருந்தன. வேறென்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் இசைக்கலைஞனாக இருந்தது சாயங்காலம் இரண்டு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் நான் ரசிகன். சென்னையில் ஒரு குழு இருந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. அதில் இருந்த கிதார்காரர்தான் எனக்கு எல்லாமே. அவரை ஒரே ஒரு முறை நேரில் பார்த்திருந்தேன். ஒரு காலேஜ் மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே, யாருடையதோ ஒரு சைக்கிளின் கேரியரில் ஏறி நின்று பார்த்தேன். அதற்கப்புறம் அவர்கள் பெரிய ஓட்டல்களில் வாசிக்கப் போய்விட்டார்கள். அங்கே உள்ளே விட வேண்டுமானால் கோட்டு போட்டிருக்க வேண்டும், ஜோடியோடு வர வேண்டும். என்னிடம் கோட்டும் இல்லை, ஜோடியும் இல்லை. பம்பைக்காரரைக் காட்டி ஜோடி என்று சொன்னால் நம்பவா போகிறார்கள்?

ஆகவே பேப்பரில் வந்த அவருடைய படத்தை வெட்டி, என் டூல் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்தேன். படத்தில் அவர் இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசிப்பார். நானும் இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசிக்கப் பழகினேன். "கண்ணுல தூசியா நைனா?" என்று பாடகன் கேட்பான். முடியும் அவரைப் போலவே காது மறைய வளர்த்தேன். ஃபோர்மேன் தினமும் என் தலையைப் பார்த்து, "முடி லேத்துல மாட்டிக்கினா தலைக்கும் மரை போட்டு வுட்டுரும்பா, பார்த்துக்க" என்பார். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்தேனே தவிர, முடியை வெட்டவில்லை.

அவர்கள் சொந்தமாக ஒரு பாட்டு எழுதி, சின்ன ரெக்கார்டாக வெளியிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் ரயில் ஏறிவிட்டேன். புது ரெக்கார்டு எங்கும் கிடைக்கவில்லை. நாள் முழுக்க அலைந்து, பழைய பொருள் விற்கும் ஒரு நடைபாதைக் கடையில் அதைக் கண்டுபிடித்தேன். உறை இல்லை, நடுவில் ஒட்டிய காகிதமும் பாதி கிழிந்திருந்தது. திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். மடியில் வைத்தால் யாராவது இடித்துவிடுவார்களோ என்று பயம்.

எங்கள் ஒத்திகை மைக் செட் கடையின் பின்னறையில் நடக்கும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போகும் பிளேயரில்தான் அந்த ரெக்கார்டைப் போட்டோம். காதலியைப் பார்க்கப் போகிறவன் பஸ்ஸைத் தவறவிடுகிறான், பஸ் பின்னாலேயே ஓடுகிறான். அதுதான் பாட்டு. இரண்டாவது சரணத்தில் "ரன்னிங் டு த கார்னர்" என்று வர வேண்டும் போலிருந்தது. ஆனால் வந்தது "ரன்னிங்னர்" தான். நடுவில் ஒரு துண்டு இல்லை. தாளமும் அங்கே சட்டென்று தாவி அடுத்த வரியில் போய் நின்றது.

மறுபடி போட்டோம். மறுபடியும் ரன்னிங்னர்.

"ரன்னிங்னர்னா இன்னா நைனா?" என்றான் பாடகன்.

பம்பைக்காரர் தொடையில் தட்டிக் கணக்குப் பார்த்தார். "நாலு அடி வர்ற எடத்துல ஒண்ணுதான் வருது தம்பி. மூண முழுங்கிட்டான். அம்மன் எறங்குற நேரத்துல நாங்களும் இப்டித்தான் தாவுவோம். ஆளு வெவரமானவன்."

கீறல் விழுந்த ரெக்கார்டு என்றால் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லும் என்றுதான் நாங்கள் எல்லோரும் அறிந்திருந்தோம். ஊரில் ஒரே பேச்சைப் பேசுகிறவர்களை அப்படித்தானே சொல்கிறோம்? முன்னால் தாவுகிற கீறலும் உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நூறு தடவை போட்டாலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் தாவியது. இவ்வளவு ஒழுங்காக நடப்பது தற்செயலாக இருக்க முடியுமா? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாவது நாள் லேத்தில் நின்றுகொண்டிருக்கும்போது எனக்குப் பொருள் விளங்கியது. பஸ் பின்னால் ஓடுகிறவன் அந்த இடத்தில் படிக்கட்டில் தாவி ஏறுகிறான். அவன் தாவுவதால் பாட்டும் தாவுகிறது! சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு போல்ட்டை வீணாக்கினேன்.

அந்தத் தாவலைப் பிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. ஒருவன் தாவினால் இன்னொருவன் நின்றுவிடுவான். கடைசியில் ஒரு சாயங்காலம் மூன்று பேரும் சேர்ந்து 'ரன்னிங்னர்' என்று போய் இறங்கினோம். மைக் செட் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்து, "இன்னாபா இது, கரண்டு போய் வந்தா மாதிரி கீது" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

அன்றிரவே அந்தக் கிதார்காரருக்குக் கடிதம் எழுதினேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் ஐந்து பக்கம். தாவி ஏறுகிறவனுக்காகப் பாட்டையே தாவ வைத்தீர்களே, இது உங்களைத் தவிர வேறு யாருக்குத் தோன்றும் என்று மூன்று பக்கம் போனது. கடைசியில் என் ஆசையையும் எழுதினேன். நானும் கிதார் வாசிக்கிறவன்தான். ஒரு நாள் நீங்கள் என் வாசிப்பைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு 'நீயும் நம்ம ஆளுதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எட்டு மாதம் தபால்காரர் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை.

பதில் வராவிட்டால் என்ன, ஆளே வந்தார். சோழவரத்தில் கார் பந்தயம். பந்தய மைதானத்துக்கு மைக் செட் கட்டும் வேலை எங்கள் கடைக்காரருக்குக் கிடைத்தது. சாயங்காலம் பரிசு கொடுத்த பிறகு சென்னைக் குழு வாசிக்கும் என்று ஏற்பாடு. என்னுடைய அதே குழு! "மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஸ்பீக்கரு சும்மாத்தான் இருக்கும், நீங்க அரமணி அடிங்கபா" என்றார் கடைக்காரர். மூன்று பேரும் லீவு போட்டோம்.

காலையெல்லாம் கார்களின் சத்தம் காதைத் துளைத்தது. மத்தியானம் அது நின்றதும் நாங்கள் ஏறினோம். ஜனங்கள் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவதில் மும்முரமாக இருந்தார்கள். இரண்டு பாட்டு முடிந்திருக்கும். மேடைக்குப் பக்கத்தில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கினவர்களில் ஒருவருக்குக் காது மறைய முடி. அவரேதான்! அவர் வேன் படியில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார். கண்ணைச் சுருக்கவே இல்லை. இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்துதான் இருந்தன. போட்டோ பிடிக்கும் விளக்கு கண்ணில் அடித்ததில் அன்றைக்குச் சுருக்கியிருப்பார் என்று அப்போதுதான் புரிந்தது.

"அடுத்து அதான்," என்றேன். பம்பைக்காரர் அம்மனை நினைத்து ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டார். ஆரம்பித்தோம்.

தன்னுடைய பாட்டு என்று தெரிந்ததும் அவர் சிரித்தபடி தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டார். இரண்டாவது சரணம் வந்தது. ரன்னிங்னர் என்று மூன்று பேரும் ஒன்றாகத் தாவினோம். அன்றைக்கு அமைந்ததுபோல் அதற்கு முன் அமைந்ததே இல்லை. அவர் கை வாய்க்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றுவிட்டது.

பாட்டு முடிந்து இறங்கினோம். எச்சில் கையோடு எழுந்து வந்தார். "யாரு மேன் அந்த லெட்டர் போட்டது?"

"நான்தான் சார்."

"நீதானா! ஜம்ப், ஜம்ப்னு எழுதியிருந்தியே, எங்க ஜம்ப் பண்றோம்னு எங்களுக்கே தெரியல மேன். மூணு நாளு எங்க ரெக்கார்டையே போட்டுப் போட்டுக் கேட்டோம். இவன் நம்மள திட்றானா புகழ்றானான்னு எங்களுக்குள்ள சண்டையே வந்துச்சு. அதான் பதில் போடல. இன்னா எழுதறது?" அவரே யோசித்தார். "உன் ரெக்கார்டு எங்க வாங்கினே?"

சொன்னேன்.

"கீறல் மேன்!" என்று அவர் தலையில் அடித்துக்கொள்ளப் போய், கையில் பிரியாணி இருப்பது ஞாபகம் வந்து நிறுத்தினார். அவருடைய ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்ப ரன்னிங்னர்னு ஒரு வார்த்தையே கெடையாதா நைனா?" என்றான் பாடகன். பாவம், அவனுக்கு அது மிகவும் பிடித்த வார்த்தை.

எனக்கு அழுகை வந்தது. எந்த மனிதரிடம் ஒரு வார்த்தைக்காக ஏங்கினேனோ, அவர் முன்னால் ஒரு கீறலை நான் அவ்வளவு பக்தியோடு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட, கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்குப் போகலாம் என்றேன். பம்பைக்காரர் கேட்கவில்லை. "பாட்டு கேக்கத்தான வந்தே? கேட்டுட்டுப் போ. வாசிக்கிறவனுக்கு வெக்கம் வரலாம், ரசிகனுக்கு இன்னா வெக்கம்?"

சாயங்கால வெயிலில், மேடைக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றுக்குப் பக்கத்திலேயே, முன் வரிசையில் நின்றோம். நாலாவதாக அந்தப் பாட்டு வந்தது. நேரில் கேட்பது அதுதான் முதல் தடவை. ஆரம்பித்ததுமே எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். ஒரு ரசிகன் எப்படிப் பாடுவானோ அப்படித் தொண்டை கிழியப் பாடினேன். பக்கத்தில் பாடகன். பம்பைக்காரர் கைதட்டித் தாளம் போட்டார். இரண்டாவது சரணம். மேடையில் அவர்கள் கார்னருக்கு நிதானமாக ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் மூன்று பேரும் பழக்க தோஷத்தில் 'ரன்னிங்னர்' என்று தாவிவிட்டோம்.

மூன்று அடி முன்னால் போய்விட்டோம். சுற்றி நின்றவர்கள் முறைத்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். பம்பைக்காரர் நிறுத்தவில்லை; போட்ட தாளத்தைப் பாதியில் விட்டு அவருக்குப் பழக்கமில்லை. பாடகனும் அவரை நம்பி மேலே போய்க்கொண்டே இருந்தான். குழு என்று இருந்தால் நான் மட்டும் தனியாக நிற்பதா? கண்ணை மூடிக்கொண்டு நானும் சேர்ந்துகொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது மேடையிலிருந்து கிதார்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. தன் டிரம்ஸ்காரர் பக்கம் திரும்பி ஏதோ கத்தினார். அடுத்த வரியின் நடுவில் கிதாரின் கழுத்தைச் சட்டென்று மேலே தூக்கினார். மொத்தக் குழுவும் மூன்று அடியை முழுங்கிவிட்டு, நேராக எங்களிடம் வந்து சேர்ந்தது. ஓடும் பஸ்ஸில் தாவி ஏறிவிட்டார்கள்! கிதாரை என் பக்கம் நீட்டிக் காட்டிக்கொண்டே மீதிப் பாட்டை வாசித்தார். கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நான் கேட்ட அந்த ஒரு வார்த்தையை அவர் கடைசிவரை சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? எனக்குக் கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

பம்பைக்காரர் மட்டும் கைதட்டுவதை நிறுத்தாமல் என் காதருகே குனிந்தார்.

"பார்த்தியா தம்பி, அவுங்களும் நம்ம ரெக்கார்டக் கேட்டுக்கினுதான் கத்துக்கினாங்க போல."