பெருமாளைத் தாங்கிய தோள்

காய்ப்பு வலிக்காது. இருபத்திரண்டு வருடம் என் வலது தோளில் காய்ப்பு இருந்தது, ஒரு நாளும் வலித்ததில்லை. அதனால்தான் அதே இடத்தில் கட்டி வளர்ந்தபோது அதையும் காய்ப்பு என்றே நினைத்தேன். இதைப் படிக்கிற யாராவது உடம்பில் ஒரு வீக்கத்தை, 'வலிக்கவில்லையே' என்று விட்டுவைத்திருந்தால், முதலில் மருத்துவரிடம் போய்விட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் சின்ன காஞ்சிபுரத்துக்காரன். பிழைப்புக்கு வாலாஜாபாத் சாலையில் ஓர் எடை மேடையில் ஜல்லி லாரிகளுக்கு எடை போடுகிறேன். ஆனால் யாரென்று கேட்டால் அதைச் சொல்ல மாட்டேன். நான் ஸ்ரீபாதம்தாங்கி (உற்சவத்தில் பெருமாளைத் தோளில் சுமக்கிறவன்). கருட சேவை அன்று எங்கள் ஊர்ப் பெருமாள் வரதரைத் தாங்கும் நீண்ட மரத் தண்டில் முன்வரிசை ஆள்.

எங்கள் ஆட்களைத் தோளைப் பார்த்தே சொல்லிவிடலாம். தண்டு அழுந்தி அழுந்திக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே தோல் தடித்து மேடாகிவிடும். எங்களுக்குப் பட்டம், பதக்கம் எல்லாம் அதுதான். கோடை வந்தால் நான் வீட்டில் சட்டை போடமாட்டேன். கேட்டால் புழுக்கம் என்பேன். உண்மைக் காரணம் என் மனைவி செல்விக்குத் தெரியும்.

நான் சொல்லும் அந்த வருடம் மேடு பெரிதானது. தொட்டுப் பார்த்தவர்கள், "வரதரு உனக்கு மட்டும் தனியா குடுத்துக்கினு இருக்காருபா" என்று கேலி செய்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தேகப்பட்டது செல்விதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஏங்க, கடைசியா எப்ப தண்டுக்குப் போனீங்க?"

"மூணு மாசம் ஆச்சு. ஏன்?"

"தண்டு படாத மாசத்துல காய்ப்பு எப்படிங்க வளரும்?"

இருபத்திரண்டு வருடம் சுமந்தவனுக்குத் தோன்றாத கேள்வி எண்ணெய் தேய்த்தவளுக்குத் தோன்றியது.

சென்னையில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடம்பின் உட்புறத்தைப் படமெடுப்பது) எடுத்தார்கள். பிறகு பயாப்ஸி (ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது). பத்து நாள் கழித்து அறுவை மருத்துவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். இளம் வயதுக்காரர், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"சார், இது சார்கோமா. காய்ப்பு தோல்லதான் இருக்கும். இது அதுக்கு அடியில, தசைக்குள்ள இருக்குது. மேல இருந்த காய்ப்பு இதை மறைச்சிருக்குது."

சார்கோமா என்றால் தசை, கொழுப்பு போன்ற மென்மையான பகுதிகளில் வரும் புற்றுநோய். அவர் சொன்னவுடன் நான் கேட்ட கேள்வியை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பிழைப்பேனா என்று கேட்கவில்லை.

"வைகாசி கருட சேவைக்குத் தோள் குடுக்க முடியுமா டாக்டர்?"

அவர் செல்வியைப் பார்த்தார். "மொதல்ல ஆள் இருக்கணும் சார். அப்புறம் தோளைப் பத்திப் பேசலாம்."

கட்டியை மட்டும் எடுத்தால் போதாது, மார்ஜினோடு (கட்டியைச் சுற்றி ஓரமாக இருக்கும் நல்ல சதையோடு) எடுக்க வேண்டும் என்று விளக்கினார். தோள் தசையில் பெரும்பகுதி போய்விடும். மேலே இருக்கும் காய்ப்பையாவது விட்டுவைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். வெளியே வந்ததும் செல்வி தாழ்வாரத்திலேயே என்னைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள்.

முதலில் ஐந்து வாரம் கதிர்வீச்சு (கட்டியைச் சுருக்க அதன்மேல் கதிர்களைப் பாய்ச்சுவது). தோளில் மையால் கோடு போட்டு, ஆடாமல் படுக்கச் சொல்வார்கள். சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் பழைய சந்தேகம் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது.

எங்கும் நிறைந்தவன், அளவில்லாதவன், நமக்காக அளவான உருவத்தில் அர்ச்சையாக (கோயில் திருமேனியாக) எழுந்தருளியிருக்கிறான் என்று கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் எடை மேடைக்காரனின் புத்தி வேறு. மலையை உடைத்து லாரியில் ஏற்றினால் என்னிடம் வருவது ஜல்லிதான், மலை இல்லை. அளவில்லாதது அளவுக்குள் வந்தால் குறைந்துதானே வரும்? அப்படியென்றால் நான் இத்தனை வருடம் சுமந்தது எதை? அதற்காகவா தோளைக் கொடுத்தேன்? கோபமாகவே கேட்டேன். வரதர் வழக்கம்போல் பதில் சொல்லவில்லை.

அறுவை முடிந்து கண் விழித்தபோது வலப்பக்கம் முழுக்கக் கட்டு. தொடையிலிருந்து தோல் எடுத்துத் தோளில் ஒட்டியிருந்தார்கள். தள்ளுவண்டியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற நான்கு பணியாளர்கள் விரிப்பின் நான்கு மூலையையும் பிடித்தார்கள். தூக்கினார்கள். விரிப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆளுக்கு ஒரு பக்கமா கால் வெச்சா எப்படிபா? எல்லாரும் ஒண்ணா வைங்க."

தலைமாட்டில் இருந்தவர் சிரித்தார். "பெருசு, நீ சும்மா படு. தூக்கறது எங்க வேலை."

சும்மா படுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான்கு பேர் கையில் என் முழு எடையையும் விட்டேன். எவ்வளவு பயமான காரியம் அது! அவர்கள் கை நழுவினால் நான் செய்ய ஒன்றுமில்லை. அந்த ஒரு நொடியில் வரதரை நினைத்தேன். தடுக்கி விழக்கூடிய எங்களை நம்பி, தூங்காத கண்ணும் வியர்த்த தோளுமாக நிற்கும் எங்களை நம்பி, வருடா வருடம் ஏறி உட்காருகிறாரே. எல்லாவற்றையும் தாங்குகிறவர் நாங்கள் தாங்கட்டும் என்று ஆடாமல் இருக்கிறார். இது குறைந்துபோனவர் செய்கிற காரியம் இல்லை. குறையாதவருக்குத்தான் இந்தத் துணிச்சல் வரும். அன்றைக்கு அவர்மேல் எனக்குப் பக்தியைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. என்ன ஆள் அவர், அவரையா நான் ஜல்லி என்றேன் என்று நினைத்துக்கொண்டேன்.

எடுத்த சதையின் ஓரங்களில் நோய் இல்லை என்று அறிக்கை வந்தது. செல்வி அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபி (பயிற்சியால் தசையைப் பழக்குவது). சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் செல்வி பென்சிலால் கோடு போடுவாள். ஒரு வாரம் முழுவதும் கோடு நகராது. அப்போதெல்லாம் அவளிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். அவள் மறுநாளும் பென்சிலோடு வருவாள்.

அறுவைக்குப் பின் வந்த முதல் வைகாசியில் தெருவோரம் நின்றேன். தோள் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து கருட சேவையில் பெருமாளின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. தண்டின் முன்வரிசையில் இருப்பவனுக்குத் தெரிவது எதிரே இருக்கும் கூட்டம் மட்டும், பெருமாள் முதுகுக்குப் பின்னால் இருப்பார். அன்று முகத்தைப் பார்த்தேன். அழகுதான், அழுதேன். ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அது போதவில்லை. எனக்கு அவரை எடையாகத்தான் தெரியும்.

எங்கள் குழுவின் மூத்தவர் சாரதி அண்ணன். அடுத்த வருடம் பங்குனியில் வீட்டுக்கு வந்தார்.

"எடது தோளு சும்மாதானே கெடக்குது? பின்னால கடைசி வரிசைல எடம் இருக்குதுபா."

முன்வரிசைக்காரனுக்குக் கடைசி வரிசை. அங்கே நிற்பவர்களை நானே எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு மருத்துவரிடம் கேட்டேன். சோதித்துப் பார்த்துவிட்டு, "இடது தோள், பத்தே பத்து அடி. அதுக்கு மேல வேணாம்" என்றார். செல்வி அதைக் கோர்ட்டுத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டாள்.

கருட சேவை அன்று விடிகாலைக் கூட்டத்தில் முழங்கையால் வழி பண்ணிக்கொண்டு அவளும் பக்கத்திலேயே வந்தாள். கடைசி வரிசையில் ஒருவர் விலகி எனக்கு இடம் விட்டார். மடித்த துண்டை இடது தோளில் வைத்துத் தண்டின் கீழ் நுழைந்தேன். எடை இறங்கியது. எடை மேடைக் கணக்குப்படி, இத்தனை பேர் சுமக்கும்போது என் பங்கு கொஞ்சம்தான். தோளின் கணக்கு அப்படியில்லை. அங்கே பங்கு கிடையாது. கடைசி வரிசையிலும், பழக்கமில்லாத தோளிலும், முழு வரதரும் இருந்தார்.

"எட்டு... ஒம்போது... பத்து. போதும், வந்துடுங்க" என்றாள் செல்வி.

பதினோராவது அடியையும் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது என் வலது தோள் பள்ளமாக இருக்கிறது. சட்டையில் ஒரு பக்கம் தொங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். முன்பெல்லாம் வருடக்கணக்கில் யோசிப்பேன், இப்போது என் காலம் மூன்று மூன்று மாதமாக வருகிறது. வருவது சின்னதாக இருக்கிறதே என்று நான் குறைப்படுவதில்லை. பதினோரு அடிக்குள் அவர் முழுதாக இருந்ததைத் தாங்கிப் பார்த்தவன் நான்.

கருட சேவை முடிந்த அன்று செல்வி இடது தோளுக்கு எண்ணெய் தேய்த்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்க செவந்திருக்குது."

"தண்டு பட்டது" என்றேன். குரலில் பெருமை வந்துவிட்டது.

"தண்டு பட்டதா வேறயான்னு நான் பாத்துச் சொல்றேன்" என்றாள். தினமும் விளக்கருகே உட்காரவைத்துப் பார்த்தாள். நாலாம் நாள் சிவப்பு மறைந்தது. அவள் சாமி மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.